‘பந்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்’: நாலே கால் வயது மகனைப் பற்றி ஒரு தாயின் கேள்வி

நாலே கால் வயது மகனைப் பற்றி ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நிறைமாதத்தில் பிறந்த பிள்ளை. 16-வது மாதத்தில் நடந்தான். பேச்சில் குறையே இல்லை. கதை சொல்வான், கேள்வி கேட்டே ஆளைக் களைப்பாக்குவான், மற்ற பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்வான். ஓட்டம், குதி, பந்து என்று வந்தால் மட்டும் ஓரமாகப் போய் நின்றுவிடுகிறான். இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, கைப்பிடியை இறுகப் பிடித்துத்தான் இறங்குகிறான். பந்தை வீசினால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடுகிறான்.

மழலையர் பள்ளி ஆசிரியை, "விளையாட்டு விழாவுல இந்த வருஷம் வேண்டாமே" என்கிறார். மாமியாரோ, "அவங்க அப்பாவும் சின்னதுல இப்படித்தான், அப்புறம் தானா சரியாயிடுச்சு" என்கிறார். கணவர் கால்பந்து வகுப்பில் சேர்க்கலாம் என்கிறார். செருப்புக் கடையில் தட்டைப் பாதம் என்று சொல்லி தனி ஷூ ஒன்றை வாங்கவைத்துவிட்டார்கள். இந்தத் தாய் தினமும் மாலை ஒரு மணி நேரம் பயிற்சி கொடுத்துப் பார்க்கிறார். அது அழுகையில்தான் முடிகிறது. அதன் பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் கைபேசி. இணையத்தில் தேடியதில் மூளைக் கோளாறு, ஆட்டிசம் என்றெல்லாம் கண்ணில் பட்டு, இப்போது தூக்கம் போய்விட்டது.

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் ஒன்று. கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்கவே சோம்பல், கையை ஊன்றி மெதுவாகத்தான் எழுவான்." குதிப்பதும் பந்து பிடிப்பதும் இருக்கட்டும். முதலில் இந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

தரையிலிருந்து எப்படி எழுகிறான்?

இன்றே பார்த்துவிடலாம். அரைக்கால் சட்டை, வெறுங்கால். பக்கத்தில் நாற்காலி, சுவர் எதுவும் இல்லாத இடத்தில் அவனை மல்லாந்து படுக்கவையுங்கள். "எழுந்து ஓடி வா" என்று கூப்பிடுங்கள். கைபேசியில் பக்கவாட்டிலிருந்து காணொளியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை செய்யச் சொன்னால் போதும்.

இந்த வயதுப் பிள்ளை லேசாக ஒரு பக்கம் திரும்பி, ஒரு கையைத் தரையில் அழுத்தி, நொடிகளில் எழுந்துவிடும். கை தரையில் படுவதில் தவறில்லை. கை தன் தொடையைத் தொடுகிறதா என்பதுதான் கேள்வி. முழுவதுமாகக் குப்புறத் திரும்பி, கையும் காலும் ஊன்றி, காலை அகட்டி, இடுப்பை முதலில் உயர்த்தி, பிறகு முழங்காலில் கை, தொடையில் கை என்று தன் உடம்பின் மேலேயே ஏறுவது போல நிமிர்ந்தால், இடுப்பையும் தொடையையும் நிமிர்த்தும் தசைகளில் வலு போதவில்லை என்று பொருள். இதோடு கெண்டைக்கால் சதை பருத்துக் கெட்டியாக இருப்பது, வயிற்றை முன்தள்ளி ஆடி ஆடி நடப்பது, நுனிக்காலில் நடப்பது, ஆறு மாதத்துக்கு முன் ஏறிய படியை இப்போது ஏறத் திணறுவது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் சந்தேகம் கூடும்; எதுவும் சேராவிட்டாலும், இப்படி எழுந்தால் இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டுங்கள். ‘சிகே’ எனப்படும் கிரியாட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனை (தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் பொருளை அளப்பது) தேவையா என்று நீங்களாகவே கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனைதான்.

எதற்காகக் கேட்கச் சொல்கிறேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. டூஷேன் என்ற தசைச்சிதைவு நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளைத்தான் தாக்கும். மூன்று, நான்கு வயதில் அது ‘மந்தமான பிள்ளை, சோம்பேறி’ என்ற தோற்றத்தில்தான் வெளியே தெரியும். அந்த நோயில் சிகே அளவு பல மடங்கு ஏறியிருக்கும். சில நேரம் கல்லீரல் பரிசோதனையிலும் எண்கள் உயர்ந்து காட்டும். அவை தசையிலிருந்தும் வரக்கூடியவை என்பது நினைவில் வராமல் கல்லீரலைச் சுற்றியே மாதங்கள் ஓடிவிடுவதுண்டு. நோய் தாய்வழியில் வரக்கூடியது என்பதால் உங்கள் சகோதரர்கள், தாய்மாமன்கள் யாருக்காவது சிறு வயதிலேயே நடை போனதா என்று விசாரியுங்கள். அப்படி யாரும் இல்லை என்றால் நிம்மதி என்றும் சொல்லிவிட முடியாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் புதிதாகத்தான் வருகிறது.

உங்கள் மகனுக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. எழுந்திருக்கச் சிரமப்படும் பிள்ளைகளில் பலருக்குத் தளர்ந்த மூட்டுகளோ பழக்கமின்மையோதான் காரணம். இருந்தாலும் வரிசை முக்கியம். அந்த நோய் இருந்தால், குதிப்பதும் திரும்பத் திரும்பப் படியிறங்குவதும் தசை நார்களைச் சேதப்படுத்தும். அதனால் எழும் விதம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொல்லும்வரை குதிக்கும் பயிற்சியும் படிப் பயிற்சியும் வேண்டாம். பந்தைத் தாராளமாக விளையாடலாம்.

அதே வருகையில் இன்னும் சிலவற்றைக் கேட்டு முடித்துவிடுங்கள். கண் பரிசோதனை கட்டாயம். ஒரு கண்ணில் பார்வை குறைந்த பிள்ளைக்குப் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று கணிக்க முடியாது. முகத்துக்கு நேரே வந்த பிறகுதான் தெரியும், அப்போது திரும்பிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வீட்டில் ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் கையைத் தட்டிவிட்டால் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். படியிறங்கும்போது எப்போதும் ஒரே கால்தான் முதலில் இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். "இந்தக் காலை வை பார்க்கலாம்" என்று மாற்றச் சொன்னால் மாற்றினால் அது வெறும் பழக்கம். மாற்றவே முடியவில்லை, கையிலும் ஒரு பக்கத்தையே ஒதுக்குகிறான் என்றால் பரிசோதிக்க வேண்டும். நொண்டி நடப்பது, இரவில் கால் வலித்து எழுவது, வந்த திறமை மறைந்து போவது ஆகியவை இருந்தால் காத்திருக்கக் கூடாது.

‘தானா சரியாயிடும்’ என்பது பாதி உண்மை

நடை தானாக வரும். குதிப்பது, பிடிப்பது, எறிவது, ஒற்றைக் காலில் தாவுவது எல்லாம் அப்படி வருவதில்லை. உடம்பு தயாராகும் வயதில் இடம், பொருள், காட்டிக்கொடுக்க ஓர் ஆள், பலமுறை செய்து பார்க்க நேரம் எல்லாம் கிடைத்தால்தான் வரும். உங்கள் கணவருக்குத் தானாகச் சரியானது என்றால், தெருவிலும் மரத்திலும் யாரும் எண்ணாத ஆயிரம் பயிற்சிகள் அவருக்குக் கிடைத்திருக்கலாம். மாமியாரிடம் இதை வாதமாகச் சொல்ல வேண்டாம். அவருடைய அனுபவம் பொய்யில்லை. பேரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகன் எங்கே நிற்கிறான்? இரண்டு காலும் சேர்ந்து தரையைவிட்டு எழும்புவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டரை வயதில் வந்துவிடும். ஆகவே குதிப்பதில் அவன் தெளிவாகவே பின்தங்கியிருக்கிறான். படியில் கால் மாற்றி ஏறுவது மூன்று வயதையொட்டி வரும், கால் மாற்றி இறங்குவது நான்கு வயதையொட்டி வரும். இதில் கொஞ்சம் தாமதம். பெரிய பந்தைப் பிடிப்பதும் நான்கு வயதில்தான் பலருக்குக் கைகூடுகிறது. பந்து விஷயத்தில் பதறத் தேவையில்லை. ஒற்றைக் காலில் தாவுவது நான்கிலிருந்து ஐந்துக்குள் வரும். ஒரு கால் தாவி மறு கால் தாவித் துள்ளி ஓடுவது ஐந்து, ஆறு வயதுச் சமாச்சாரம். அதை இப்போது கேட்கவே கேட்காதீர்கள்.

ஆட்டிசம் பற்றிய பயம்: தடுமாற்றம் மட்டும் இருந்தால் அது ஆட்டிசம் ஆகாது. விரல் நீட்டிக் காட்டுவது, கண்ணைப் பார்ப்பது, கற்பனை விளையாட்டு, மற்ற பிள்ளைகள் மீது நாட்டம் ஆகியவற்றில்தான் அதன் அடையாளம் தெரியும். நீங்கள் விவரித்திருக்கும் பிள்ளைக்கு அவை எல்லாம் நன்றாக இருக்கின்றன.

வேறு நோய் எதுவும் இல்லாமல் அசைவுகளை ஒருங்கிணைப்பதில் மட்டும் சிரமப்படும் பிள்ளைகள் உண்டு. பள்ளி வயதில் நூற்றுக்கு ஐந்தாறு பேர். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை ‘வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் கோளாறு’ என்பார்கள். ஐந்து வயதுக்கு முன் அந்தப் பெயரை வைப்பதைப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், ஏனென்றால் வாய்ப்புக் கிடைத்ததும் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளும் இந்தக் கூட்டத்தில் கலந்திருப்பார்கள். பெயர் பிறகு வரட்டும். உதவி அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் கற்றுக்கொடுக்கும் விதம்

ஒரு மணி நேரப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு முறை, வாரத்தில் ஐந்து நாள், எட்டு வாரம். ஒரு தடவைக்கு ஒரே திறமை. பத்து முயற்சியில் ஏழு வெற்றி பெறும் அளவுக்கு வேலை எளிதாக இருக்க வேண்டும். அழுகிறான் என்றால் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் கொடுத்த வேலை இரண்டு படி அதிகம். அவன் "இன்னொரு தடவை" என்று கேட்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் இலக்கைப் பற்றிச் சொல்லுங்கள். "முட்டியை மடக்கு, கையை வீசு" என்றால் இந்த வயதில் விறைத்துப்போய் நிற்பான். "சத்தமே வராம இறங்கு", "அந்தக் கோட்டைத் தாண்டு" என்றால் முட்டி தானாக மடங்கும்.

*பந்து.* பயத்தை உருவாக்குவது பெரும்பாலும் பெரியவர்கள் வீசும் விதம். நின்றபடி வீசினால் பந்து மேலிருந்து முகத்தை நோக்கி வரும். மண்டியிட்டு அவன் உயரத்துக்கு வாருங்கள். முதலில் இருவரும் காலை விரித்து உட்கார்ந்து, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பந்தை உருட்டுங்கள்; உருண்டு வரும் பந்தைக் கண்ணால் தொடரப் பழகட்டும். அடுத்து மெல்லிய துணி அல்லது பலூன். இரண்டும் மெதுவாக விழுவதால் கையைக் கொண்டுபோக நேரம் கிடைக்கும். பலூன் வெடித்தால் துண்டுகளை அப்போதே பொறுக்கிவிடுங்கள், அவை தொண்டையில் ஒட்டினால் மூச்சடைக்கும். அதன் பிறகு 20 முதல் 25 செ.மீ. குறுக்களவுள்ள மென்மையான பந்து. கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டால் கையில் பட்டதும் எகிறாது. ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, கையைக் கீழிருந்து மேலாக வீசி, நெஞ்சை நோக்கிப் போடுங்கள். கையை மரக்கட்டை போல நீட்டிக்கொண்டு நின்றால் பந்து தெறித்துப் போகும். பந்து வருவதற்கு முன் ஒருமுறை தன் வயிற்றைத் தட்டச் சொல்லுங்கள், முழங்கை மடங்கிவிடும். நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் பிடிப்பதுதான். கையால் மட்டும் பிடிக்க இன்னும் காலம் இருக்கிறது. சுவரின் நிறமும் பந்தின் நிறமும் ஒன்றாக இருக்கக் கூடாது. டென்னிஸ் பந்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிடுங்கள்.

*குதித்தல்* (மருத்துவர் சரி என்ற பிறகு). தரையில் நின்று மேலே எழும்புவதைவிட உயரத்திலிருந்து கீழே குதிப்பது எளிது, அதனால் அங்கிருந்து தொடங்குங்கள். 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள, அசையாத பலகை அல்லது கடைசிப் படி. உங்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இறங்கட்டும், பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல். ஒரு கால் முன்னால் விழுந்தால் அது இன்னும் குதியாகவில்லை, இறங்கும் நடைதான். தரையில் இரண்டு பாத வடிவத்தை நெருக்கமாக ஒட்டிவையுங்கள். இரண்டு காலும் ஒன்றாக அங்கே விழ வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். அது வந்த பிறகு, நின்ற இடத்திலேயே எழும்புவது. கையை உயர்த்தித் தொட ஒரு ரிப்பனைத் தொங்கவிட்டால் கை வீச்சு தானாகச் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு தரையில் ஒட்டிய கோட்டைத் தாண்டுவது. குதித்து இறங்கும் இடம் வழுக்காத தரையாக இருக்க வேண்டும், காலுறையோடு குதிக்கக் கூடாது.

*சமநிலையும் படியும்.* ஒற்றைக் காலில் நிற்பது நான்கு வயதில் சுமார் நான்கைந்து நொடி. வரவில்லையென்றால் மறு காலைப் பந்தின் மேல் லேசாக வைத்துக்கொள்ளட்டும். படிப் பயிற்சியும் மருத்துவர் சரி என்ற பிறகுதான். முதலில் ஏறுவது. ஒரு காலில் சிவப்பு, மறு காலில் நீலம் என்று ஒட்டி, படியிலும் அதே நிறத்தை மாற்றி மாற்றி ஒட்டினால் எந்தக் காலை வைப்பது என்று நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. இறங்குவது அதற்குச் சில வாரம் கழித்து. ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் அவனுக்குக் கீழ்ப்படியில்தான் நிற்க வேண்டும்.

எட்டு வாரத் தொடக்கத்திலும் முடிவிலும் அதே இடத்தில், அதே பந்தோடு படம் எடுங்கள். மெதுவாக என்றாலும் முன்னேற்றம் தெரிந்தால், பழக வாய்ப்புக் கிடைக்காததுதான் பெரும்பாலும் காரணம். ஒழுங்காகச் செய்தும் நகரவே இல்லையென்றால் குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவரிடம் முறையான மதிப்பீடு வேண்டும். அப்போது இந்த இரண்டு படங்களும் உங்கள் மூன்று பக்க விளக்கத்தைவிடப் பயன்படும்.

நாள் முழுவதும் எவ்வளவு அசைவு?

மேலே சொன்ன இருபது நிமிடம் பாடம். விளையாட்டு வேறு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன கணக்கு: நாளைக்குக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவு, அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு; உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மிகாமல்; பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரத் தூக்கம். 180 என்றதும் மலைக்க வேண்டாம். பத்துப் பத்து நிமிடமாகச் சேர்வதுதான் அது, கடைக்கு நடப்பதும் கணக்கில் வரும்.

சிறிய வீட்டில் ஓட முடியாது, ஆனால் தவழலாம், தள்ளலாம், இழுக்கலாம். மேசைக்கு அடியில் நுழைவது, மெத்தை மேல் ஏறி இறங்குவது, கையும் காலும் ஊன்றிக் கரடி நடை, துணிக்கூடையைத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் தோளுக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை. கைபேசியை ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு போர்க்களமாகும். முதல் வாரம் அரை மணி நேரம் குறைத்து, அந்த நேரத்தில் வெளியே கூட்டிப் போங்கள். வெளியே இருக்கும் நேரம் கூடினால் அசைவும் கூடும்.

கால்பந்து வகுப்பும் விளையாட்டு விழாவும்

கணவரின் யோசனையை முழுதாகத் தள்ள மாட்டேன், ஆனால் இப்போது வேண்டாம். அணி, விதிமுறை, வெற்றி தோல்வி எல்லாம் ஆறு வயதுக்கு மேல்தான் பிள்ளைக்குப் புரிந்து பிடிக்கும். ஓடவும் உதைக்கவும் தடுமாறும் பிள்ளை அங்கே கற்றுக்கொள்ளும் முதல் பாடம், தன்னால் முடியாது என்பதுதான். எட்டு வாரத்துக்குப் பிறகு சேர்ப்பதாக இருந்தால் ஒருநாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பந்து இருக்கிறதா? வரிசையில் நின்றே பாதி நேரம் போகிறதா? பந்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் பயிற்சியாளர் என்ன சொல்கிறார்? பத்துப் பேரைத் தாண்டிய கூட்டத்தில் ஒரே ஆள் கத்திக்கொண்டிருந்தால் திரும்பிவிடுங்கள்.

ஆசிரியை மீது கோபம் வேண்டாம். அவர் சொல்லித்தான் உங்களுக்கே விஷயம் உறைத்திருக்கிறது. ஆனால் "விழாவில் வேண்டாம்" என்பதை ஏற்க வேண்டியதில்லை. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவே சொல்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகாமல், வழியோடு போங்கள்: ஓட்டப் பந்தயத்துக்குப் பதிலாக எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஓடும் நிகழ்ச்சி, பந்தை உருட்டிக் கூடையில் சேர்ப்பது போல அவனால் முடிந்த ஒன்று. வகுப்பில் மென்மையான பெரிய பந்து ஒன்று இருக்கட்டும், ‘மெதுவா’, ‘சோம்பேறி’ என்ற சொற்கள் வேண்டாம், அவனைக் கடைசியாகத் தேர்ந்தெடுக்கும்படி பிள்ளைகளையே அணி பிரிக்கவிட வேண்டாம் என்றும் கேளுங்கள். இந்த மூன்றும் எந்த ஆசிரியைக்கும் பெரிய செலவில்லாதவை. வீட்டிலும் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். கடிதத்தில் நீங்களே ஒரு இடத்தில் ‘சோம்பல்’ என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசியாக அந்த ஷூ. இந்த வயதில் பாதம் தட்டையாகத் தெரிவது இயல்பு. அடியில் கொழுப்புத் திண்டு இருக்கும், வளைவு போகப் போகத்தான் தெரியும். நுனிக்காலில் நிற்கச் சொல்லுங்கள். அப்போது உள்பக்கம் வளைவு எழுந்தால், வலியும் இல்லையென்றால், சிகிச்சை எதுவும் வேண்டாம். எந்த ஷூவும் வளைவை உண்டாக்காது. பாதம் விறைப்பாக இருந்தாலோ வலித்தாலோ மட்டும் காட்டுங்கள். வீட்டுக்குள் வெறுங்கால்தான் நல்லது. வெளியே போக, விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடமும், விரல் மடங்கும் இடத்தில் வளையும் அடிப்பாகமும், கழலாமல் இருக்க ஒரு பட்டையும் போதும். வாங்கிவிட்ட ஷூவை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். வளையவில்லையென்றால் அதைப் போட்டுக்கொண்டு ஓடவும் குதிக்கவும் விடாதீர்கள்.